கன்னம் தாங்கிய சூடு

என் மகளைச் சுட்டது என் மனைவியின் கை அல்ல, என் அரைகுறைப் படிப்பு. இந்த ஒரு வரியை மனைவியிடம் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் தெருவே அவளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்னை மாதிரி ஒரு கோழையை மதுரை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது.

என் பெயர் ஆண்டிச்சாமி. மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அட்டெண்டர். பையன்கள் வருவதற்கு முன் தராசைத் துடைத்து வைப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, அவர்கள் உடைத்த தெர்மாமீட்டரைப் பொறுக்குவது என் வேலை. சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பதினைந்து வருடமும் ஒரே பாடங்களை அலமாரி ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதனால் எனக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘அரை புரொபசர்’. அது கிண்டல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

செல்லூரில் ஒற்றை அறை வீடு. டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். உச்சி வெயிலில் வைகை மணல் காலைப் பொசுக்குகிறதே, பக்கத்திலேயே முழங்கால் ஆழத்தில் கிடக்கிற தண்ணீர் மட்டும் ஏன் ஜில்லென்று இருக்கிறது? கொழுக்கட்டையின் மேல்மாவு ஆறிவிட்டது என்று நம்பிக் கடித்தால் பூரணம் ஏன் நாக்கைச் சுடுகிறது? எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில் இருந்தது. தன்வெப்பம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கலோரி வேண்டும். மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மணல் சட்டென்று சுடும், சட்டென்று ஆறும். தண்ணீர் மெதுவாகச் சுடும், மெதுவாக ஆறும். கேட்டவர்கள், “அண்ணே படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பாரு” என்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நடப்பேன்.

எழுபத்தொன்பதாம் வருடம் தை மாதம், கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ. என் உள்ளங்கையில் தலையும் முழங்கைக்குப் பக்கத்தில் பாதமும் இருந்தன. நர்ஸம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, “பால பஞ்சுல நனைச்சுச் சொட்டு சொட்டா குடுங்க. முக்கியமா குளிர விட்றாதீங்க. இந்தப் புள்ளைக்குச் சூடுதான் உசுரு” என்றார்.

வெளியே தைப் பனி. என் மனைவி தங்கப்பொண்ணு பிள்ளையை நெஞ்சை விட்டு இறக்கவே இல்லை. ஒத்தாசைக்குத் திருவாதவூரிலிருந்து அவளுடைய அக்கா சோணையம்மாள் வந்தார். வந்த அன்றே ஆற்றில் ஒரு கூடை மணல் அள்ளிவந்து சலித்து, வறுசட்டியில் போட்டு வறுத்து, பழைய வேட்டித் துணியில் பொட்டணமாகக் கட்டினார். அதைத் தன் கன்னத்தில் வைத்து ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினார். கன்னம் தாங்கியது. பிறகு பிள்ளையின் காலடியில் வைத்தார். அவர்கள் பக்கம் குறைமாதப் பிள்ளைகளை இப்படித்தான் தேற்றுவார்களாம். நாலு பிள்ளைகளைத் தான் இப்படிக் காப்பாற்றியதாக மதினி சொன்னார்.

ஆனால் பொட்டணம் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். மறுபடி வறுக்க வேண்டும். ஐந்து நாளாக ஒற்றை அறையில் ஓயாமல் அடுப்பு எரிந்தது. புகையில் தங்கப்பொண்ணுக்குக் கண் கோவைப்பழமாகிவிட்டது. பிள்ளை தும்மியது. அரை புரொபசருக்குப் பொறுக்கவில்லை. சிம்மக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வெந்நீர் ஊற்றி வைக்கும் ரப்பர் பை ஒன்று வாங்கிவந்தேன்.

“மதினி, இனிமே இந்தப் பாடு வேணாம். மணலு ஒடனே ஆறிரும். அதே சூட்டுக்குத் தண்ணிய வச்சா மத்தியானம் வரைக்கும் நிக்கும்” என்றேன்.

“எனக்கு மணல் தெரியும் தம்பி. தண்ணி தெரியாது” என்றார் அவர்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

மதினிக்கு மனசில்லை. தங்கப்பொண்ணுதான் எனக்காகப் பேசினாள். “அக்கா, அவரு படிச்சவங்க கூடயே இருக்கவரு. சும்மா சொல்ல மாட்டாரு. நீ விடு.” அக்காவிடம் அவள் அப்படி எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு என்னிடம் திரும்பி, “எம்புட்டுச் சூடா ஊத்தணும்?” என்று கேட்டாள்.

ஆய்வகத்தில் பன்னிரண்டு தெர்மாமீட்டர் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. ஒன்றைக் கொண்டுவந்து பாதரசம் எதுவரை ஏறலாம் என்று காட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. “மணலுக்குப் பாக்குற மாதிரிதான். கன்னத்துல வச்சுப் பத்து எண்ணு. தாங்குச்சுன்னா வை” என்றேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனேன். மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தங்கப்பொண்ணு தண்ணீரைக் காய்ச்சிப் பையில் ஊற்றி, துணி சுற்றி, கன்னத்தில் வைத்துப் பத்து எண்ணி, பிள்ளையின் இடுப்போரம் அணைத்து வைத்து, மேலே கம்பளியால் மூடினாள். பிள்ளை அழவில்லை. அழுவதற்கே தெம்பில்லாத பிள்ளை அது. நன்றாகத் தூங்குகிறது என்று சந்தோஷப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் முகத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பால் கொடுக்கக் கம்பளியை விலக்கியபோது இடுப்பிலிருந்து முழங்கால் வரை தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்தபோது வாசலில் கூட்டம். உள்ளே போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அவளிடம் கத்தினேன்.

“எம்புட்டுச் சூடா வச்ச? கன்னத்துல வச்சுப் பாத்தியா இல்லையா?”

“பாத்தேங்க.”

“பத்து எண்ணுனியா?”

“எண்ணுனேன்.”

“பெறகு எப்புடிடி சுட்டுச்சு?”

அவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. தூக்கம் கெட்டவள், கலக்கத்தில் எண்ண மறந்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. “பெரியவங்களா இருந்தா ஆறிரும். இம்புட்டு ஒடம்புக்கு இது தாங்காதுப்பா” என்றார். நாலாம் நாள் காலையில் பிள்ளை இறந்துபோனது. பதினாறாம் நாள் பெயர் வைக்கலாம் என்றிருந்தோம். வைக்கவில்லை.

யாரும் தங்கப்பொண்ணைப் பழி சொல்லிச் சண்டைக்கு வரவில்லை. அப்படி வந்திருந்தாலாவது அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். எல்லோரும் பாவப்பட்டார்கள். அதுதான் கொடுமை. “பாவம், அசந்துட்டா.” “பெத்தவ கைக்கே இப்புடி வரணுமா.” ஊருக்குக் கிளம்பும்போது மதினியும் அவள் தலையைத் தடவி, “விடுடி, நீ என்ன வேணும்னா செஞ்ச” என்றுவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரம் பையன்களுக்குக் கலவைமுறைச் சோதனை: சூடான பொருளைப் பச்சைத் தண்ணீரில் கலந்து அதன் வெப்பத்தை அளப்பது. டெமான்ஸ்ட்ரேட்டர் அழகுமலை சார் வருடா வருடம் சொல்வதைச் சொன்னார். “வெப்பம் வேற, வெப்பநிலை வேற. போட்டுக் குழப்பாதீங்க. தெர்மாமீட்டர் காட்டுறது நிலை. உள்ள எம்புட்டு இருக்குன்னு அது காட்டாது.” பதினைந்து வருடமாக இது பரீட்சைக்காகச் சொல்கிற வித்தியாசம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: சூடு.

அன்று பையன்கள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு கலோரிமீட்டர்க் கிண்ணத்தில் நூறு நூறு கிராம் பச்சைத் தண்ணீர் எடுத்தேன். இரண்டும் முப்பது டிகிரி. நூறு கிராம் மணலையும் நூறு கிராம் தண்ணீரையும் எழுபது டிகிரிக்குச் சூடாக்கினேன். மணலை ஒன்றில் கொட்டிக் கலக்கினேன். முப்பத்தாறு. தண்ணீரை இன்னொன்றில் ஊற்றிக் கலக்கினேன். நாற்பத்தொன்பது.

முட்டாப்பயலே, என்று என்னையே சத்தமாகத் திட்டினேன். இரண்டும் ஒரே எழுபதுதான். ஆனால் மணலிடம் கொடுக்கக் கொஞ்சம்தான் இருந்தது. ஆறு டிகிரி ஏற்றிவிட்டுத் தீர்ந்துபோனது. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தது. மெதுவாக ஆறும், மெதுவாக ஆறும் என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டேனே, ஆறாத அந்த நேரமெல்லாம் அது என்ன செய்யும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? பத்து எண்ணும் கணக்கு மணலுக்கு ஏற்பட்டது. எண்ணி முடித்த பிறகு மணல் தணிந்துகொண்டே போகும், அந்தத் தைரியத்தில் பெண்கள் வைத்த கணக்கு. அதைத் தூக்கித் தண்ணீருக்குச் சொன்னவன் நான். ஆய்வகத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்று மாலையே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனை வரை அதே நினைப்பில்தான் வந்தேன். டீக்கடையில் ஒருவர், “அண்ணே, மனசத் தேத்திக்கங்க. நீங்க சரியாத்தான் சொல்லிருப்பீங்க, பொம்பளைக்குப் புரியல” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு நாள் மறுக்காதவனுக்கு மறுநாளும் சுலபமாக இருந்தது.

நாளானால் ஆறிவிடும் என்றார்கள். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். காப்பி ஆறும், புண் ஆறும், மனசு ஆறும். தங்கப்பொண்ணுக்கு ஆறவில்லை. அவள் காப்பி டம்ளரைக் குடிக்கும் முன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். உதடு அசையும். எண்ணுகிறாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சோற்றுப் பானை மூடி, இஸ்திரி போட்ட என் சட்டை, எது சூடாகக் கிடைத்தாலும் கன்னத்துக்குப் போகும். ஒரு நாள் கேட்டாள்: “நா ஒம்பதுலயே எடுத்துட்டேனோ? பத்துன்னு நெனச்சுக்கிட்டு ஒம்பதோட நிறுத்திட்டேனோ?” நான், “நடந்தத நெனைக்காத” என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆவணி கடைசியில் மதினி வந்தார். இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தார். தங்கப்பொண்ணு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

“வேணாங்க்கா. பத்து எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ள.”

மதினியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். வறுசட்டியில் மணலைப் போட்டேன், பக்கத்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். மணலை ஒரு டம்ளரிலும் தண்ணீரை ஒரு டம்ளரிலும் எடுத்துத் துணி சுற்றி, “ரெண்டையும் கன்னத்துல வச்சுப் பத்து எண்ணு” என்றேன். பயந்தாள். பிறகு வைத்தாள். இரண்டையும் கன்னம் தாங்கும் வரை ஆறவிட்டு எண்ணினாள். பிறகு இரண்டு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் ஒன்றில் மணலைக் கொட்டினேன், ஒன்றில் வெந்நீரை ஊற்றினேன். “வெரல விட்டுப் பாரு.”

“இது லேசா வெதுவெதுங்குது” என்றாள். அடுத்த கிண்ணத்தில் விரலை விட்டவள் நிறுத்தினாள். “இது நல்லாச் சூடேறிருச்சு. ரெண்டும் ஒரே சூடாத்தான இருந்துச்சு?”

“கன்னத்துக்கு ஒண்ணுதான். உள்ள இருக்கது வேற. நீ பத்துதான் எண்ணுன, தங்கம். ஒம்பதுல எடுக்கல. நா சொன்னத அப்புடியே செஞ்ச. சொன்னவன்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“எப்பத் தெரியும்?”

“மாசிலயே.”

அவள் விரலை இன்னும் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. “நா சரியாத்தான் வச்சேனா?” என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் ஆமாம் என்றேன். முகம் ஒரு நிமிடம் லேசானது. எட்டு வருடத்துக்கு முன் கல்யாணப் பந்தலில் பார்த்த முகம் மாதிரி இருந்தது. இத்தனை நாள் இதைக் கொடுக்காமல் வைத்திருந்தவன் நான்.

பிறகு அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்த முகம் போய்விட்டது.

“அப்ப, எண்ண மறந்து, அசந்து தூங்கி, தண்ணிய ஆறவிட்டு வச்சிருந்தேன்னா?”

நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

“இல்ல, ஒங்க பேச்சக் கேக்காம அக்கா கிட்ட மணலே வறுக்கச் சொல்லிருந்தேன்னா? சொல்லுங்க. புள்ள இருந்திருக்குமா?”

“இருந்திருக்கலாம்” என்றேன்.

தங்கப்பொண்ணு கிண்ணத்திலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“ஏழு மாசமா, நா சரியா வச்சிருக்கணும் சாமி, சரியா வச்சிருக்கணும்னு கும்புட்டேன்” என்றாள். “தப்பா வச்சிருந்தாத் தேவலயேங்க.”