மூசைக்குப் பொன்னாடை

“கஜீவன், இந்தக் கதை உனக்கு முதலே தெரியுமோ?”

தியாகராசா மகன் பக்கம் திரும்பிக் கேட்டார். கலியாணத்துக்கு நாள் பார்க்க லாசால் நகரில் இருக்கும் தனுஷா வீட்டுக்கு வந்திருந்தார்கள். தனுஷாவின் தகப்பன்தான் சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டார். “என்ர அப்பாவும் பட்டடை வச்சிருந்த கொல்லர்தான். அதுதான் பிள்ளைக்கும் இரும்பிலை ஆசை.” வாயருகே போன தேத்தண்ணிக் கோப்பைகள் தட்டத்துக்குத் திரும்பி வந்தன.

தனுஷா பதறவில்லை. பழகத் தொடங்கியபோதே கஜீவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். “உதெல்லாம் இப்ப ஆர் பாக்கினம்?” என்று சிரித்தவன் அவன். ஈராயிரம் ஆண்டுக்கு முன் தமிழ்நாட்டில் இரும்பை எப்படி உருக்காக்கினார்கள் என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சி. இரும்பை அடைத்து உலையில் வைக்கும் மண்குடுவையை, மூசையை, அந்தக் காலத்து முறையிலேயே அவள் வனைந்தபோது, பக்கத்திலிருந்து களிமண்ணில் உமி பிசைந்தவனும் அவன்தான்.

கஜீவன் கம்பளத்தைப் பார்த்தான். “இல்லையப்பா. இவ எனக்குச் சொல்லேல்லை.”

மறைத்து ஏமாற்றியவள் என்ற பட்டம் தனுஷாவுக்கு, ஒன்றுமறியாத பிள்ளை என்ற பெயர் அவனுக்கு. பாவி, பொய்யைக்கூட எவ்வளவு சாதுவாகச் சொன்னான்!

கஜீவனின் தாய் சிவநேசம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போன தியாகராசா திரும்பினார். தமிழ்ச் சங்கத் தலைவர் அல்லவா, சங்கத்து ஞாபகம் வந்துவிட்டது.

“பிள்ளை, கலியாணம் வேற, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வேற. நோட்டீஸ் எல்லாம் குடுத்தாச்சு. கட்டாயம் வந்து பேசவேணும். பட்டடைக் கதையை மட்டும் அங்கை எடுக்காதேயும்.”

“வாறன் மாமா” என்றாள் தனுஷா.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. “உலகமே வியந்த உருக்கைச் செய்தவர்கள் எங்கள் முன்னோர்!” என்று தியாகராசா முழங்கினார். முன்வரிசையில் கஜீவன் கை வலிக்கத் தட்டினான்.

தனுஷா மூசையைக் கையில் வைத்துக்கொண்டு உலை, கரி, துருத்தி என்று விளக்கினாள். கடைசியில் மூசையை உயர்த்திப் பிடித்தாள்.

“தலைவர் சொன்ன முன்னோர் கொல்லர். என்ர அப்பப்பாவும் கொல்லர். இது கஜீவனுக்கு முதலே தெரியும். இந்த மூசைக்கு உமி பிசைஞ்சதும் அவர்தான்.”

சபையின் பார்வை முழுக்க முன்வரிசைக்குப் போனது. கஜீவன் நிமிரவில்லை. பேசியவர்களுக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துவது சங்கத்து வழக்கம். தட்டமும் வந்துவிட்டது, தியாகராசாவால் தப்ப முடியவில்லை. விரல் அவள்மேல் பட்டுவிடாதபடி பொன்னாடையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

தனுஷா ஒரு அடி பின்வாங்கி, மூசையை மேசையில் வைத்தாள்.

“எனக்கு வேண்டாம் ஐயா, இதுக்குப் போர்த்துங்கோ. உங்களுக்கு உருக்குத்தானே வேணும். அதை உருக்கின ஆக்கள்தான் வேண்டாம்.”