மூடியைத் தூக்கியவள்

செத்த குஞ்சுகள் ஏழா எட்டா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அந்த மீன் பண்ணையில், நன்னீரில் வளர்ந்த குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்புமுன் பத்தை மட்டும் சோதனைக்காக உப்புநீர்த் தொட்டியில் ஒருநாள் மூடிவைப்பார்கள். உடம்பில் அதற்கான ஹார்மோன் சுரந்திருந்தால், குடித்த கடல்நீரின் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிப் பிழைத்துக்கொள்ளும்.

பண்ணையை அக்கா நடத்தினாள்; கூட வேலை செய்த தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. நொடிக்கொரு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மறுநாள் பாதிக்கு மேல் செத்து மிதந்தன.

“இன்னும் பக்குவம் வரலடி. குஞ்சுகளை ஏத்த வந்த படகைத் திருப்பி அனுப்பிடறேன்” என்றாள் அக்கா.

அடுத்த படகு ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை தொட்டி நெரிசலில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் தாங்கா. தங்கை அக்காவிடம் போனாள்.

“அக்கா, நான்தான் திறந்து திறந்து பார்த்தேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணல.”

“மீன் மிரண்டா உடம்புல உப்பும் தண்ணியும் தாறுமாறாயிடும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பியே! உன்னைக் கட்டித்தான் போடணும்.”

அக்கா படகை நிறுத்திவைத்தாள். தங்கையை வீட்டுக்கு விரட்டிவிட்டு வேறு பத்துக் குஞ்சுகளை உப்புநீரில் விட்டாள். பத்தும் பிழைத்தன.

குஞ்சுகள் கடலுக்குப் போயின. அக்கா இன்னும் பண்ணையை நடத்துகிறாள். தங்கை கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளில் தீவனம் போடுகிறாள். அந்தப் படகோட்டி வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டார்.