வேண்டாம் என்று கேட்டது

இந்தத் தடவையும் தாஸ் தலையைத் திருப்பிக்கொண்டார். ஓமனா நீட்டிய டம்ளரிலிருந்த இளநீர் அவர் மோவாயில் வழிந்து தலையணை உறையை நனைத்தது. வெடித்துக் கிடந்த உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். எனக்கு 'வாந்தி' என்று கேட்டது. அடித்துப் பிடித்து ஓடி, கட்டிலுக்கு அடியில் கிடந்த பேசினை எடுத்து மோவாய்க்குக் கீழே பிடித்தேன். அவர் பேசினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாந்தியும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

"வாந்தி அல்ல சேச்சி," என்றாள் ஓமனா. "வேண்டா எந்நா பறயுந்நது. காலையிலேருந்து இதுதான். எந்து கொடுத்தாலும் வேண்டா, வேண்டா."

எங்கள் ஆஸ்பத்திரி கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டின் மேலேயே இருக்கிறது. நான் மருந்துக் கவுண்டரில் இருக்கிறேன். ஓமனா நர்ஸ். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து அவள் பேசுவது போகப் போக எங்களுக்குப் பழகிவிட்டது. டாக்டர் பொள்ளாச்சியில் ஒரு பிரசவ ஆபரேஷனுக்குப் போயிருந்தார். போகும்போது அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரியெல்லாம் வயிற்றால் போன ஆள், உடம்பில் ஈரமே இல்லை, டிரிப் ஊசியை இரண்டு கையிலும் பிடுங்கி எறிந்துவிட்டார், அப்புறம் நரம்பும் கிடைக்கவில்லை, வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், பொழுது சாய்வதற்குள் சிறுநீர் பிரியாவிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று. மே மாத வெயில். தகரக் கூரைக்குக் கீழே அந்த மனிதர் அடுப்பில் வைத்த கத்தரிக்காய் மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய முழுப் பெயர் ஆல்கிர்தாஸ். அப்புசாமிக் கவுண்டரின் மோட்டார் பம்ப் கம்பெனிக்கு லித்துவேனியாவிலிருந்து ஒரு பெரிய லேத் வந்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு அங்கே மெஷின் மலிவாகக் கிடைத்ததாம். அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டத்தான் இவர் வந்தார். ஆல்கிர் என்பது கம்பெனியில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு தாஸ் என்றார்கள். ஊருக்கே தாஸ் சார் ஆகிவிட்டார்.

அவரோடு பேசக்கூடிய ஒரே ஆள் கோபாலசாமி. ருஷ்யன் படித்தவர், கம்பெனியில் துபாஷி வேலை. அம்மா பாலக்காட்டுக்காரர் என்பதால் மலையாளமும் தண்ணி பட்ட பாடு. தாஸ் வந்து சேர்ந்த வாரமெல்லாம் கோபாலசாமி அடித்த கூத்தை என்ன சொல்ல. சாயங்காலமானால் தாஸும் அவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை ஜோடி சேர்ப்பார்கள். லித்துவேனிய மொழியில் தீக்கு 'உக்னிஸ்', மலையாளத்தில் அக்னி. புகைக்கு 'தூமாய்', இங்கே தூமம். கனவுக்கு 'சப்னாஸ்', இங்கே ஸ்வப்னம். தேனுக்கு 'மெதுஸ்', இங்கே மது. ஒவ்வொரு ஜோடிக்கும் கோபாலசாமி தொடையைத் தட்டுவார். அதெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து மலையாளத்துக்கு வந்த சொல் என்று டாக்டர் எடுத்துச் சொன்னபோது, "அதனாலென்னங்க, சொந்தம் சொந்தம்தானுங்களே," என்று வாயை அடைத்துவிட்டார். காலையில் தாஸைத் தூக்கிவந்து போட்டதும் ஓமனாவிடம் அவர் சொன்னது இதுதான்: "ருஷ்யன்ல கேட்டா பதில் வர்ல கண்ணு. காய்ச்சல்ல சொந்தப் பாஷைதான் வருது. ஆனா நீ பயப்படாத. உம்பட பாஷையும் அவரு பாஷையும் அக்கா தங்கச்சி மாதிரி. காது குடுத்துக் கேட்டா உனக்கே புரிஞ்சு போயிரும்."

காது கொடுத்துக் கேட்டாள், பாவம். அவளுக்குப் புரிந்தது வேண்டா. எனக்குப் புரிந்தது வாந்தி.

போன் அடித்தது. பம்ப் கம்பெனி முதலாளி கவுண்டர். திருப்பூரில் இருந்தார். கார் அவரிடம் இருந்தது, அது வந்தால்தான் தாஸைக் கோயமுத்தூருக்குக் கொண்டு போக முடியும்.

"அம்மணி, கெளம்பிட்டனுங்க. அவருக்கு எளநி குடுங்க, ஜூஸ் குடுங்க, உப்புச் சக்கரை கரைச்சுக் குடுங்க. வெறுந்தண்ணி மட்டும் கண்ணுலயே காட்டிப்போடாதீங்க. நம்ம தண்ணி ஒத்துக்காமத்தான் இந்த வினையே. அவருக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அவிக கவர்மெண்டுக்கு நான் பதில் சொல்லோணும். அந்த நர்சம்மாகிட்ட சொல்லிப்போடுங்க, பொறுப்பு அவிகளுதுன்னு."

அந்தக் கடைசி வார்த்தையை நான் ஓமனாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. இவர்களுக்குள் ஒருத்தரும் பொறுப்பில்லை, மலை தாண்டி வந்த இந்தப் பெண்தான் பொறுப்பு. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அதைக் காட்ட கோபாலசாமிதான் பக்கத்தில் இருந்தார்.

"ஏனுங்க, இப்படி நின்னு பாத்துட்டே இருந்தா எப்படிங்க? அவரு என்ன சொல்றாருன்னு கண்டுபிடிங்க."

அவர் குனிந்து தாஸின் வாயருகே காதை வைத்தார். தாஸ் மறுபடி அதே சொல்லைச் சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் எனக்கே கேட்டது. கோபாலசாமி நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"ஓமனா சொல்றது சரிதானுங்க. வேண்டான்னுதான் சொல்றாரு. கடைசியில ஒரு 'ஸ்' மட்டும் சேத்துறாரு. அவிக பாஷையில எல்லாத்துக்கும் அந்த வால் உண்டு. பாருங்களேன், இது சமஸ்கிருதம்கூட இல்ல, நேரா மலையாளமே..."

"மனுசன் செத்துட்டிருக்கறாரு, வாலு என்னங்க வாலு?" என்றேன்.

ஓமனா உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி எடுத்துவந்தாள். தாஸ் நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்துத் துப்பினார். அவள் மூக்கைப் பிடித்து ஊற்றலாமா என்றாள். புரையேறி நெஞ்சுக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை அவளுக்கு. ஜன்னலோரத்தில் எங்களுக்காகக் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் ஃபிளாஸ்க்கில் இருந்தது. அதை டம்ளரில் சரித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே அண்ணாந்து குடித்தாள்.

தாஸின் கை மெத்தையை விட்டு எழுந்தது.

அவ்வளவு நேரம் துணி மாதிரிக் கிடந்த கை. அது ஓமனாவின் டம்ளரை நோக்கி நீண்டது. அவள் தொண்டை இறங்க இறங்க அவர் தொண்டையும் இறங்கியது. அதே சொல்லைச் சொன்னார், முன்னைவிடச் சத்தமாக. ஓமனா விழுங்காமல் அப்படியே நின்றாள். வாயோரத்தில் தண்ணீர் ஒழுகியது. அவர் கண் அந்த ஒழுகலின் மேல் இருந்தது.

யாராவது இன்னொருத்தர் டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டி வேண்டாம் என்று சொல்வார்களா?

"எடி, தண்ணி கேக்கறாரு," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. தீக்குக் கேட்டார்கள், புகைக்குக் கேட்டார்கள், கனவுக்கும் தேனுக்கும்கூடக் கேட்டார்கள். தண்ணீருக்கு என்ன சொல் என்று இத்தனை நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஓமனா ஃபிளாஸ்க்கை எடுத்தாள். கோபாலசாமி குறுக்கே வந்தார்.

"வேண்டாங்க. கவுண்டர் தண்ணி குடுக்கப்படாதுன்னு சொல்லியிருக்கறாரு. நாமளா ஒண்ணு நெனச்சுக் குடுத்து, ஏடாகூடமா ஆகிப்போச்சுன்னா? இந்தப் புள்ளைய ஜெயில்ல போட்டுருவாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். மூன்று பேரும் ஃபிளாஸ்க்கையே பார்த்தோம். தாஸின் கை இன்னும் இறங்கவில்லை. ஓமனா கோபாலசாமியைக் கையால் ஒதுக்கினாள். முதலாளியின் ஆள் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"திளப்பிச்ச வெள்ளமா, கொதிச்ச தண்ணி. ஆத்யம் இது. பின்னே உப்பு," என்றாள். "ஞான் கொடுக்கும்."

தலையைத் தூக்கிப் பிடித்தாள். நான் டம்ளரை உதட்டில் வைத்தேன். முதல் வாய் உள்ளே போனதா என்றே தெரியவில்லை. இரண்டாவதில் தொண்டை அசைந்தது. அப்புறம் டம்ளரின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு குடித்தார், நிறுத்தவே இல்லை. காலியானதும் தலை ஓமனாவின் கையில் சரிந்தது. கண் மூடியது.

"ஆச்சு," என்றார்.

தெளிவாக, எங்கள் வீட்டு ஆள் சொல்வது போல. கட்டில் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை எப்போது சொல்வார்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

"என்னங்க சொல்றாரு?" என்று கோபாலசாமியைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க அம்மணி," என்றார்.

ஓமனா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ரோட்டில் ஒரு பஸ் போய் முடிகிற வரைக்கும் நின்றாள். "உண்டு," என்றாள்.

நான் ஃபிளாஸ்க்கைச் சரித்தேன். அந்தச் சத்தத்துக்கே அவர் வாய் திறந்தது. டம்ளரைக் கொண்டு போனதும், குடிப்பதற்கு முன்பே, நன்றி சொல்கிறவர் மாதிரி என்னைப் பார்த்துத் தலையசைத்து, "ஆச்சு," என்றார்.

"ஆகலீங்க," என்றேன். "இன்னும் இருக்குது. மெதுவாக் குடிங்க."

அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார், நடுவில் என் விரல்களையும் சேர்த்து.