மீட்டரைக் கழற்றாதே

முத்துலிங்கம் கராஜுக்குள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே கிருஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த அண்ணன்தான். அவள் கூப்பிட்டால் மட்டும் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு வர அவனுக்கு நேரமே கிடைக்காது. அம்மாவின் திவசத்துக்கே ஆளைக் காணோம். இன்றைக்கு யாரும் கூப்பிடாமல், புதுக் காரை வாசலில் குறுக்கே போட்டுவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து நிற்கிறான்.

“மீட்டர் போர்ட மாத்தப் போறியாமே? ஒனக்கென்ன கிறுக்கா?”

காலையில் போனில் அண்ணி சண்முகவடிவிடம் வாய் தவறிச் சொன்னது அதற்குள் அண்ணன் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“முள்ளு ஒண்ணும் வேல செய்யலண்ணே. மாத்தாம என்ன செய்ய?”

“நான் குடுக்கயில எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? பொம்பள கையில குடுத்தா இப்பிடித்தான்.”

குடுத்தானாம்! ராகலையில் அப்பா வாங்கிப் போட்ட மரக்கறித் தோட்டத்தை முழுசாக வளைத்துக்கொண்டு, ‘ஒம் பங்குக்கு இத வச்சுக்க’ என்று தான் ஓட்டிய இந்தப் பழைய காரைத் தலையில் கட்டினான். புருசன் கொழும்பில், கடை வேலை. அவள்தான் தினமும் மூன்று டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு, மகளை முன்சீட்டில் உட்கார வைத்து நுவரெலியா ஓடுகிறாள். அந்த ஹயர்க் காசில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. போன வாரம் பெற்றோல் முள் பாதியில் நின்றபடியே நிற்க, தாங்கி காலியாகி, நானுஓயா வளைவில் கார் படுத்துவிட்டது. கொட்டுகிற மழையில் டீச்சர்மார் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வாகனம் பார்த்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார்கள்.

“நீங்க உங்க வேலயப் பாருங்க பாஸ்,” என்றாள் கராஜ்காரர் றோலண்டிடம்.

றோலண்ட் உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து அதே மாதிரி மீட்டர் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் ஸ்குரூவில் கை வைத்ததும் முத்துலிங்கம் குறுக்கே புகுந்தான்.

“பாஸ், சும்மா இருக்கிறத நோண்டாதீங்க. பழசயே தட்டிக் கொட்டிக் குடுங்க.”

“காரு தங்கச்சியோடது தானே?” என்று கேட்டுவிட்டு றோலண்ட் பழையதைக் கழற்றிப் பலகையில் வைத்தார். புதியதில் வயர்களைச் சொருகினார். சாவியைத் திருப்பினார். அடடா, பெற்றோல் முள் மெல்ல எழுந்து நின்றது! கிருஷாந்திக்குச் சாமி கும்பிடலாம் போல இருந்தது. சின்னச் சின்ன விளக்குகள் எல்லாம் எரிந்தன. என்ஜினைக் கிளப்பினார். மற்றவை அணைந்தன. ஒயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை.

“பாத்தியா!” முத்துலிங்கம் துள்ளினான். “குப்பயில கெடந்த சாமான்! நான் அப்பவே சொன்னேன்ல? இதத் தூக்கி எறிஞ்சிட்டு பழசப் போடச் சொல்லு.”

ஒரு நிமிடம் அவளும் நம்பிவிட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிறகு தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

“பாஸ், பழசுல இது எரிஞ்சதே இல்லயே?”

றோலண்ட் சட்டென்று என்ஜினை நிறுத்தினார். “சாவி போட்டதும் எரிஞ்சு அணையுமே. அதுகூட இல்லயா?”

“நான் கண்டதே இல்ல.”

அவர் பழைய மீட்டர் போர்டைத் திருப்பினார். அவ்வளவுதான், முத்துலிங்கம் பாய்ந்து அதைப் பிடித்தான். “அத ஏன் ஒடைக்கிறீங்க? நான் கொண்டு போறேன்.” கையிலிருந்த புதுக் கார்ச் சாவி பலகையில் விழுந்தது. கிருஷாந்தி மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தாள். ‘மாத்தாதே, மாத்தாதே’ என்று இவ்வளவு தூரம் ஏன் ஓடி வந்தான் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. அவன் விரலில் நறுக்கென்று கிள்ளினாள். விட்டுவிட்டான்.

றோலண்ட் பின்மூடியைக் கழற்றினார். முன்னமே யாரோ கத்தியால் நெம்பித் திறந்திருக்கிறார்கள். முட்களுக்குக் கரண்டு போகிற தகடு அந்த இடத்தில் கிழிந்திருந்தது. ஒயில் விளக்கின் வெளிச்சம் வருகிற துவாரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பெரிய, கருஞ்சிவப்பு, ஓரத்தில் தங்க வளையம்.

யாருடைய பொட்டு என்று கேட்க வேண்டியதே இல்லை. இதே காரில் முன்சீட்டுக்கு மேலே இறக்கிப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியில் அண்ணி அந்தக் காலத்தில் ஒட்டிவைத்த அதே பொட்டுகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. அங்கேயிருந்துதான் அவன் ஒன்றைப் பிய்த்திருக்கிறான்.

“இது எரிஞ்சா வண்டிய ஒடனே நிப்பாட்டணும்,” என்றார் றோலண்ட். “என்ஜினுக்கு ஒயில் ஏறல. எறக்கத்துல போகயில என்ஜின் இறுகியிருந்தா ஸ்டீரிங்கு கல்லாயிரும் தங்கச்சி. பள்ளத்துலதான் போய் விழுந்திருப்பீங்க. இனி வண்டிய அசைக்க வேணாம், என்ஜினப் பிரிச்சுத்தான் பாக்கணும்.”

கிருஷாந்தி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவனை ‘நீங்க’ என்றே கூப்பிட்ட வாய் இப்போது மாறியது.

“எம் புள்ள முன்சீட்டுல உக்காந்து வருவாள்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“எனக்கும் எரிஞ்சிச்சு. ஒண்ணும் ஆவலயே.”

“தெரியுமா தெரியாதாடா?”

அவன் கராஜின் தகரக் கூரையைப் பார்த்தான். “சொல்லியிருந்தா நீ தோட்டத்த விட்டுக் குடுத்திருப்பியா?”

றோலண்ட்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். கிருஷாந்திக்கு அழுகை வரவில்லை. பொட்டை உரித்து, அவன் சட்டைப் பையின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

“அண்ணிகிட்டக் குடு. எங்கேருந்து கெடச்சுதுன்னு நீயே சொல்லு.”

பலகையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“ஏய், அது ஏங் காரு!”

“ஒங் காருதான். எங்காரு சரியாவுற வரைக்கும் இது ஓடும். காலையில டீச்சர்மார ஏத்தணும்.”

“நான் எப்பிடி ஹட்டன் போறது?”

“பஸ் இருக்கு.”

கதவை அடைத்துக்கொண்டாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள். சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எல்லாம் எரிந்தன. அவன் வெளியே நின்று கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல், என்ஜினைக் கிளப்பி, சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் கியரைப் போட்டாள்.