சர்க்கரை இல்லாத வீடு

மகன் கோகுல்நாத்தை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மேனகா சர்க்கரை டப்பாவை எடுத்து மரவள்ளிக் காட்டுக்குள் எறிந்தாள். மூன்று வருஷமாகியும் அந்த வீட்டுக்குள் சர்க்கரை வரவில்லை.

அவனுக்கு ஒன்பது வயது. மே மாத விடுமுறையில் திருவிழா மிட்டாயும் இரண்டு பிறந்தநாள் கேக்கும் அவன் வயிற்றுக்குள் போயின. பிறகு நாளெல்லாம் "அம்மா, தண்ணி" என்று கேட்டபடியே இருந்தான். உடம்பு வற்றிப்போனது. அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. "எம்பையன் சக்கரக் கட்டிடீ" என்று பக்கத்து வீட்டுக் கவிதாவிடம் சொல்லிச் சிரித்தவள் மேனகாதான். ஒரு காலையில் அவன் எழ முடியாமல் கிடக்கவும் பஸ்ஸில் மலையிலிருந்து கீழே கொண்டுபோனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வாந்தியாக எடுத்தான். வளைவில் எல்லாப் பிள்ளையும் எடுப்பதுதானே என்றார்கள் பஸ்ஸில் இருந்தவர்கள். மலையடிவாரத்துக் காரவள்ளி வந்தபோது அவனுக்கு நினைவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

டாக்டர் ஏதோ விளக்கினார். சர்க்கரை என்ற ஒரு சொல் மட்டுமே அவள் காதில் விழுந்தது.

இப்போது மகள் வித்யாஸ்ரீக்கு ஏழு வயது ஆகப்போகிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டாலே மேனகாவுக்குப் பயம் வந்துவிடும். பிறந்தநாள் வீடுகளுக்கு மகளின் கையைப் பிடித்தபடியே போய், பிடித்தபடியே வருவாள். அரையாண்டு லீவில் கவிதாவின் மகனுக்குப் பிறந்தநாள். வித்யாஸ்ரீயின் தட்டிலிருந்த கேக்கை மேனகா எடுத்துவிட்டுக் கொய்யாத் துண்டுகளை வைத்தாள்.

"ஏனுங்க்கா, ஒரே ஒரு துண்டுங்க. மத்த புள்ளைக திங்கறதப் பாத்துட்டு ஒக்காந்திருக்குது பாருங்க" என்றாள் கவிதா.

"நீயும் சேந்து எம்புள்ளையக் கொல்லப் பாக்கறயா?"

விருந்து நின்றுபோனது. பலூன் ஊதிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அவளைப் பார்த்தார்கள்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. கணவன் சுரேந்தர் காட்டுக்குப் போனதும், மத்தியான வேளையில், பின்சுவரோரம் அந்தக் குரல் வரும். அம்மா, தண்ணி. ஒரு டம்ளர் மொண்டு சுவரடியில் வைப்பாள். "குடி கண்ணு, மெதுவாக் குடி" என்பாள். சாயங்காலம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

கவிதா வீட்டு விருந்து முடிந்த மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் குளியலறைப் பக்கம் போன மேனகா அப்படியே நின்றாள். வித்யாஸ்ரீ கொஞ்சம் முன்புதான் அங்கே போய்வந்திருந்தாள். ஈரச் சுவரடியில் கறுப்பாக எறும்புச் சாரி.

அந்தச் சாரி எங்கே போகிறது என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். இருபதாவது வளைவில் வித்யாஸ்ரீ வாந்தி எடுத்தாள். மேனகா பிள்ளையின் தாடையைப் பிடித்து, "கண்ணத் தொற சாமி, அம்மாவப் பாரு" என்று கத்தினாள். கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்று அவரிடமும் கத்தினாள்.

கீழே ஆஸ்பத்திரியில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். "சக்கர தொண்ணூத்தாறுதான். புள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் டாக்டரம்மா. மேனகா நம்பவில்லை. இன்னொரு விரலைக் குத்தச் சொன்னாள். பிறகுதான் மகனைப் பற்றிச் சொன்னாள்.

டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனிப்பக் கொறைங்க, நல்லதுதான். பல்லுக்கு நல்லது, ஒடம்புக்கு நல்லது. ஆனா உங்க பையனுக்கு வந்தது தின்பண்டத்தால வந்ததில்ல. அவன் ஒடம்புல இன்சுலின் சுரக்கறதே நின்னுபோச்சு. நீங்க குடுத்த மிட்டாய் அவனக் கொல்லலம்மா."

திரும்பி மலையேறும்போது வித்யாஸ்ரீ மடியில் படுத்தபடி கேட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா ஊசி?"

"எறும்பு வந்துச்சு கண்ணு. அதான்."

பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். "அது கேக்குக்கு வந்துதும்மா. கவிதா அத்த உனக்குத் தெரியாம பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க. நான் திங்கல, சத்தியமா. செவுத்துக்கிட்ட அண்ணனுக்கு வெச்சேன்."

"யாருக்கு?"

"அண்ணனுக்கு. நீ தெனமும் தண்ணி மட்டுந்தான குடுக்கற? அவனுக்குப் பசிக்காதா?"

மேனகா மகளின் தோளைப் பிடித்தாள். "அண்ணன் உங்கிட்டயும் பேசறானா கண்ணு?"

"இல்ல. நான் தெனமும் காது குடுத்துக் கேக்கறேன். எங்கிட்ட மட்டும் பேச மாட்டீங்கறான்."

ஏழு வயசுகூட ஆகாத பிள்ளை, செத்தவன் குரலுக்காகச் சுவரோரம் காத்துக் கிடந்திருக்கிறாள். அதை நினைத்தபோது மேனகாவுக்கு வந்த பயம் வேறு மாதிரியானது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அண்ணன் எப்படிச் செத்தான் என்பதை முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள். எறும்பைப் பார்த்துச் சிரித்ததையும் சொன்னாள்.

"அப்ப கேக் தின்னா நான் சாக மாட்டனா?"

"மாட்ட சாமி. நெறையாத் தின்னா பல்லு சொத்தையாப் போவும். அவ்வளவுதான்."

தை மாதத்தில் வித்யாஸ்ரீயின் பிறந்தநாள் வந்தது. மேனகாவே கவிதா வீட்டுக்குப் போய், "அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காத" என்று அழைத்துவந்தாள். சின்ன கேக், ஆளுக்கு ஒரு துண்டு, அப்புறம் வேகவைத்த மரவள்ளியும் பலாச்சுளையும். சுரேந்தர் ஒரு துண்டை எடுத்து மனைவிக்கு நீட்டினான். மேனகா அதை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றாள்.

மத்தியானம் பின்சுவரோரம் குரல் வந்தது. மேனகா டம்ளரை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில், கையை மடியில் இறுக்கிக்கொண்டு, அது ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள்.