பெற்றோர் வயது

மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை, கண்ணாடிக்காரர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் மீசைக்கு மை பூசினார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிற மனிதர். கடைக்கு வருகிறவர்கள், "உங்களுக்கு அறுபதுன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டாங்க" என்பார்கள். உண்மைதான், அவரே நம்பியதில்லை. அவருக்கு அறுபத்தாறு.

சம்பந்தம் பேசி முடித்த தரகர் அந்த ஆறு வருடத்தைக் கழித்துவிட்டு, "கல்யாணம் ஆகட்டும், மெதுவா சொல்லிக்கலாம்" என்றிருந்தார். மெதுவாகச் சொல்ல முப்பத்துமூன்று வருடம் போதவில்லை. அடையாள அட்டையைக் கடையில், யாரும் வந்து கேட்காத மைனஸ் பன்னிரண்டு லென்ஸ் பெட்டிக்குள் வைத்துக் காத்துவந்தார். வெளிநாடு சுற்றிப் பார்க்கலாமே என்று மனைவி ஒருமுறை ஆசைப்பட்டபோது, பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி கொடுக்க வேண்டுமே என்று பயந்து, "எனக்கு விமானம்னாலே மயக்கம்" என்றார். அதுவரை அவர் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தார். மனைவி அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எப்பேர்ப்பட்ட விட்டுக்கொடுக்கிற குணம் என்று அவர் பலநாள் நெகிழ்ந்துபோயிருந்தார்.

மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுப்பவர். தெருவுக்கே கணக்கு டீச்சர். அரை மதிப்பெண்ணுக்கும் விளக்கம் கேட்கிற அவருக்கு ஐம்பத்தெட்டு வயது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே மகள் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்று வருடத்தில் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதை விட்டுவிட்டாள். பிறகு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு இன்னொன்று. கடைசியில், அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மரபணு ஆலோசகர் சொல்லியனுப்பினார்.

ஆலோசகர் சின்னப் பெண். மேசை மேல் ஒரு காகிதத்தை விரித்து நிதானமாகச் சொன்னார்.

"உங்க மகளோட ரத்தத்துல முப்பது செல் பார்த்தோம். இருபத்தாறு சரியா இருக்கு. நாலுல மட்டும் ஒரு குரோமோசோம்ல ஒரு துண்டு உடைஞ்சு, தலைகீழா ஒட்டிக்கிட்டிருக்கு. இப்படி ரெண்டு விதமும் கலந்து இருந்தா அத மொசைக்னு சொல்வோம்."

கண்ணாடிக்காரருக்குப் பிடி கிடைத்துவிட்டது. மகளைத் தேற்றுகிற குரலில், "நம்ம வீட்டுத் தரைகூட மொசைக்தாம்மா. இத்தனை வருஷத்துல ஒரு விரிசல் உண்டா?" என்றார். மேசைக்கடியில் மனைவியின் செருப்பு அவர் காலை மிதித்தது.

"அப்ப ரெண்டு தடவையும் என்னாலதானா?" என்று மகள் கேட்டாள்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா நீங்க செஞ்சதுன்னு எதுவுமே இல்ல. அம்மா வயித்துல நீங்க கடுகளவு இருந்தப்ப, ஏதோ ஒரு செல் ரெண்டாப் பிரியறப்ப நடந்த பிசகா இருக்கும். பெத்தவங்ககிட்ட இருக்கான்னு பார்த்துடத்தான் இவங்க ரத்தமும் கேட்டேன்."

பிறகு அவர் கணினிப் பக்கம் திரும்பினார். இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறதாம். பிறந்தது ஆணா பெண்ணா, அப்போது அப்பாவுக்கு என்ன வயது, அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டுச் சேர்க்கிறார்களாம். தொடர்பு இருக்கிறதா, யார் பக்கம் என்பதெல்லாம் நிறைய பேருடைய விவரம் சேர்ந்தால்தான் தெரியுமாம்.

"இருபத்தொன்பது" என்றார் கண்ணாடிக்காரர். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இருபத்தேழு" என்றார் கணக்கு டீச்சர், கைப்பையின் பித்தளைப் பொத்தானைப் பார்த்தபடி.

"ரெண்டு பேருமே சின்ன வயசுதான்" என்று சொல்லி ஆலோசகர் தட்டச்சு செய்தார்.

மகள் தலையாட்டினாள். "அப்ப அதுவும் இல்ல. நான்தான்" என்றாள். தகராறு செய்கிற குரலில் அல்ல. அளவு சரியில்லாத பல்லை ஓரமாக எடுத்து வைக்கிறவள் போல, அவ்வளவு அமைதியாக.

ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னுடைய ஆறு வருடம் இப்போது கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு யார் யாருக்கோ தப்பாக வழி சொல்லப்போகிறது. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருக்கிற மகள் அந்தப் பொய்யை அப்படியே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மீசை அரித்தது. மை வந்துவிடும் என்பதால் சொறியவும் முடியவில்லை.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று மனைவி எழுந்து போனார். இதுதான் சமயம். ஐம்பது எண்ணினார்.

"குடையை உள்ளயே வச்சிட்டேம்மா. எடுத்துட்டு வந்துடறேன்."

"நீங்க குடையே கொண்டுவரலயேப்பா."

அவர் அதற்குள் பாதி தாழ்வாரம் தாண்டியிருந்தார்.

ஆலோசகர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மனைவியின் குரல் கேட்டது: "முப்பத்தாறுன்னு மாத்திப் போடுங்கம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்காரர் கதவருகிலேயே நின்றுவிட்டார். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே இத்தனை வருடம் சும்மா இருந்திருக்கிறாள். இருக்கட்டும், ஆனால் அதிலும் ஒரு வருடத்தைக் கூட்டிச் சொன்னால் எப்படி? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "முப்பத்தாறு இல்ல! முப்பத்தஞ்சுதான்!" என்றார்.



"யாருக்கு?" என்று கேட்டார் ஆலோசகர்.

கணக்கு டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கண்கள் மேலே போயின, உதடு அசைந்தது, விடை வந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு இப்ப அறுபத்தாறு."

"உனக்கு?"

"அறுபத்தேழு."

"ஒன்பது வருஷமா!" என்றார் அவர் மூச்சு வாங்க. "நான் ஆறுதான்." குறைவாகத் திருடியவனுக்கு உள்ள பெருமிதம் அதில் கொஞ்சம் இருந்தது.

"தம்பி, தங்கச்சியெல்லாம் கரையேத்திவிட்டு நிமிர்ந்தா எனக்கு முப்பத்திநாலு. அப்படியே சொன்னா யாரு கட்டிப்பா? அன்னிக்கு விமானத்துல போகலாம்னு உளறிட்டு, பாஸ்போர்ட் ஞாபகம் வந்து ராத்திரியெல்லாம் தூங்கல. காலையில மயக்கம்னு சொன்னீங்களே, தெய்வமாத் தெரிஞ்சீங்க."

"இப்ப எதுக்கு வந்து சொன்ன?"

கணக்கு டீச்சர் கணினியைப் பார்த்தார். "அவ தன்னையே கழிச்சுக்கிட்டிருக்கா. கொடுத்த எண்ணே தப்புன்னா விடை எப்படிச் சரியா வரும்?"

அப்பாவைத் தேடி வந்த மகள் வாசலில் நின்றிருந்தாள்.

ஆலோசகர் இரண்டு எண்களையும் அழித்துப் புதிதாக அடித்தார். "இதனால இவங்க வயசுதான் காரணம்னு ஆகிடாது" என்று மகளிடம் சொன்னார். "உங்களாலன்னும் ஆகாது. ஒரு பிசகு, அவ்வளவுதான்."

"ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதினஞ்சு வருஷம்" என்றாள் மகள். "வீட்டுல பொய்ப்பல் செய்யறவ நான் ஒருத்திதான் நேர்மையா இருந்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. கணக்கு டீச்சர் எழுந்துபோய் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடிக்காரர் இருவருக்கும் பின்னால் நின்று, எட்டிய முதுகையெல்லாம் தட்டிக்கொடுத்தார்.

வீடு திரும்பும்போது மனைவி, "மூத்தவகிட்ட வாங்க போங்கன்னு பேசணும்" என்றார். கண்ணாடிக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சாப்பிட வர்றீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அப்பாவின் ரத்தத்திலும் ஒன்றுமில்லை, அம்மாவின் ரத்தத்திலும் ஒன்றுமில்லை. மகளிடம் தொடங்கிய ஒன்று. கரு உண்டானதும் தாமதிக்காமல் வந்தால் ஆரம்பத்திலிருந்தே கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆலோசகர். குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிய படத்தின் நகல் ஒன்றையும் கொடுத்தார். மகள் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். அம்மாவோடு பேசிக்கொண்டே வந்தாள்.

கண்ணாடிக்காரர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் படத்தை ஒட்டினார். மனைவியை உயர நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகினார்.

"தலைகீழா இருக்கறது தெரியுதா?"

"எல்லாம் ஒரே மாதிரி புழு மாதிரி இருக்கு."

"இப்ப?"

"கொஞ்சம் பெரிய புழு."

அவர் இன்னொரு லென்ஸை எடுத்து ஊதித் துடைத்தார். மகள் சுவரோரம் நின்று, துண்டு தலைகீழாக ஒட்டியிருந்த ஒன்பதாவது ஜோடிக்குக் கீழே விரலை வைத்தபடி, அம்மா கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.