விரலுக்கு முன் நின்ற மின்சாரம்

1988 பிப்ரவரி 9 அன்று காலை, டார்வின் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், கம்பி வழியே வந்த மின்சாரம் சக்கெல்லாரிஸ் என்ற எலக்ட்ரீஷியனின் விரலுக்கு ஓர் அரிசி நீளம் முன்னால் நின்றுவிட்டது. நீலமாக, லிச்சி விதை அளவில் இருந்தது. அவர் விரலைப் பின்னால் இழுத்தால் அதுவும் பூனைபோல் கூடவே வந்தது. மழைநீர் தேங்கிய தரையில் அசையாமல் இருப்பதை மட்டும் நம்பி அவர் நின்றார்.

வேலைக்கு ஏறும் ஒவ்வொருவரும் தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையைக் கீழே மெயின் சுவிட்சில் கட்டவேண்டும், கட்டியவரே அவிழ்க்கவேண்டும்; அட்டை தொங்கும்வரை யாரும் சுவிட்சைப் போடக்கூடாது. ஆனால் சக்கெல்லாரிஸின் குடும்பம்போல் கலிம்னோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் படகு, வேன், மதியச் சாப்பாடு எல்லாம் பொது. மைத்துனர்களுக்குள் தனி அட்டை என்பது தனி அடுப்பு வைப்பதுபோல் அவமானம். மனைவியின் தம்பி நோமிகோஸின் அட்டையை நம்பி சக்கெல்லாரிஸ் ஏறியிருந்தார். நோமிகோஸ் தன் வேலை முடிந்ததும், மேலே அத்தான் இருப்பதை மறந்து, தன் அட்டையை முறைப்படி அவிழ்த்து, சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போனான்.

கூச்சல் கேட்டு ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். நீலத்துளி போகவில்லை.

"அட்டை கட்டினியாய்யா?" என்று ஃபோர்மேன் டெஸ்மண்ட் சக்கெல்லாரிஸிடம் கேட்டார்.

"மச்சான் கட்டியிருந்தான்."

"சாகப்போறது மச்சானா, நீயா?"

நோமிகோஸ் அழுதபடி அத்தான் பெயரை எழுதி ஓர் அட்டையைக் கட்டினான். துளி அசையவில்லை.

"அத நீ எழுதினா எப்படிடா? அவன எழுதச் சொல்லு" என்றார் டெஸ்மண்ட்.

பேனாவும் புது அட்டையும் மேலே போயின. நோமிகோஸ் அட்டையைப் பிடித்துக்கொள்ள, சக்கெல்லாரிஸ் இடது கையால் எழுதினார்.

"கோழி கிறுக்கின மாதிரி இருக்கு, அத்தான்."

"சிரிக்க வைக்காதடா, கை ஆடுது."

அந்த அட்டை சுவிட்சில் ஏறியதும், வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளிபோல் துளி மெல்லத் திரும்பிக் கம்பிக்குள் போனது. அன்று மாலையே சக்கெல்லாரிஸின் மனைவி கலியோப்பி ஒரே மாதிரி இரண்டு பைகள் தைத்தாள், ஆளுக்கொன்று, அட்டை வைக்க. தம்பியோடு மறு ஈஸ்டர்வரை பேசவில்லை.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள். மூன்றாம் தளத்தில் மட்டும், சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல் ஒரு மூச்சு தாமதிக்கிறது. கம்பிகளை இருமுறை மாற்றிப் பார்த்தார்கள். இப்போது அங்கிருப்பவர்கள் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். விளக்கு எரிகிறது.